மென்பொருளுக்குத் திரை காணாதபோது: அறிகுறி பார்த்துப் பிழை நீக்கும் வழிமுறை

கடையில் பழைய லப்டொப்பில் ஒழுங்காய் ஓடிய பில்லிங் மென்பொருள், புது லப்டொப்பில் “திரை ரெசொலூஷன் போதாது” என்று நிற்கிறது. ஸ்டூடியோவில் ஃபோட்டோஷொப் திறக்கிறது, ஆனால் பட்டன்கள் கடுகு அளவில் இருக்கின்றன. பாடசாலை மண்டபத்துப் புரொஜெக்டரில் எக்செல் தாளின் வலது பக்கம் தெரியவில்லை. இந்த மூன்றுக்கும் யாழ்ப்பாணத்தில் வழக்கமாய்க் கிடைக்கும் பதில் ஒன்றுதான்: “விண்டோஸை அழித்துத் திரும்பப் போடவேணும்.” பெரும்பாலும் தேவையில்லை. எந்த அறிகுறி என்று வடிவாய்ப் பார்த்தால் பத்து நிமிட வேலை. விண்டோஸ் 10, 11 இரண்டுக்கும் கீழே உள்ளவை பொருந்தும். மெனுவின் பெயர் சில இடங்களில் சற்று வேறுபடும்.

கை வைக்குமுன் எழுத வேண்டிய மூன்று எண்கள்

டெஸ்க்டொப்பில் வெறும் இடத்தில் ரைட் கிளிக் செய்து ‘டிஸ்பிளே செட்டிங்ஸ்’ திறவுங்கள். பனலின், அதாவது திரைத் தகட்டின், சொந்த ரெசொலூஷன் (அகலத்திலும் உயரத்திலும் உள்ள புள்ளிகளின் எண்ணிக்கை), இப்போது ஓடும் ரெசொலூஷன், எழுத்தையும் பட்டனையும் பெருப்பிக்கும் ஸ்கேலிங் சதவீதம் ஆகிய மூன்றையும் ஒரு கடதாசியில் குறியுங்கள். ரெசொலூஷன் பட்டியலில் ‘ரெக்கமண்டட்’ என்று பக்கத்தில் போட்டிருப்பதுதான் வழக்கமாகப் பனலின் சொந்த எண். கேபிள் பழுதென்றால் அந்தச் சொல்லையும் நம்பமுடியாது; அது பிறகு வரும்.

இனி ஓடும் ரெசொலூஷனை ஸ்கேலிங்கால் வகுங்கள் (125% என்றால் 1.25 ஆல்). 1920×1080 திரை 125% இல் இருந்தால் மென்பொருளுக்குக் கிடைக்கும் வேலையிடம் 1536×864. அதே திரை 150% இல் 1280×720. பழைய 1366×768 திரை 100% இல் அப்படியே 1366×768. 125% ஆக்கினால் 1093×614 ஆகச் சுருங்கும். அதாவது ‘ஃபுல் எச்டி’ என்று விற்ற புது லப்டொப் 150% இல் ஓடும்போது, உயரத்தில் பழைய லப்டொப்பைவிட 48 புள்ளிகள் குறைவு. இந்த ஒரு வகுத்தல் கணக்கைச் செய்யாமல் மொனிட்டர் மாற்றச் சொல்பவரிடம் காசைக் கொடுக்காதீர்கள்.

கேட்கும் பக்கத்தின் எண்களும் கையில் இருக்கட்டும். விண்டோஸ் 10 க்கு 800×600 காணும். விண்டோஸ் 11 க்கு 720 வரி உயரமும், 9 அங்குலத்துக்கு மேற்பட்ட திரையும், ஒவ்வொரு நிறத்துக்கும் 8 பிட்டும் வேண்டும். மைக்ரோசொஃப்ட் ஒஃபிஸ் 1280×768 கேட்கும். ஃபோட்டோஷொப்பின் அண்மைய பதிப்புகளுக்கு ஸ்கேலிங் 100% இல் குறைந்தது 1280×800. அடோபி பரிந்துரைப்பது 1920×1080. ஓட்டோகாட் சாதாரண மொனிட்டரில் 1920×1080 எதிர்பார்க்கும். அகலத்தால் சிக்கல் வருவது குறைவு. 768 உயரத் திரையில் ஒஃபிஸ் மட்டுமட்டாய் நிற்கும். ஃபோட்டோஷொப்புக்கு 32 புள்ளி காணாது.

“குறைந்தது 1024×768 வேண்டும்” என்று சொல்லித் திறக்க மறுக்கிறது

14 அங்குல ஃபுல் எச்டி லப்டொப்புகளில் இது அதிகமாய் வரும். அந்த அளவுத் திரைக்கு விண்டோஸ் பெரும்பாலும் தானாகவே 150% போட்டுவிடும். விசுவல் பேசிக் 6 காலத்து மென்பொருளுக்கு ஸ்கேலிங் என்றால் என்னவென்று தெரியாது. அது திரையின் அளவைக் கேட்கும்போது விண்டோஸ் உண்மையான 1920×1080 ஐச் சொல்வதில்லை. வகுத்து வந்த 1280×720 ஐச் சொல்கிறது. 720, 768 ஐவிடக் குறைவு. மென்பொருள் கதவைச் சாத்திவிடும். பழைய லப்டொப் 768 உயரத்தோடு அதே சோதனையில் தப்பிப் போனது.

முதலில் ஸ்கேலிங்கை 125% ஆக்குங்கள். உயரம் 864 ஆகும். மாற்றியதும் மென்பொருளை உடனே திறந்து பார்த்து “சரிவரவில்லை” என்று முடிவு கட்டவேண்டாம். சைன் அவுட் செய்து திரும்ப உள்ளே வாருங்கள். பழைய மென்பொருள்கள் பலவும் சைன் இன் செய்த நேரத்து எண்ணையே பிடித்துக்கொண்டிருக்கும்.

முதலாளிக்குக் கண் தெளிவில்லை, 150% தான் வேண்டும் என்றால் அந்த மென்பொருளுக்கு மட்டும் விலக்குக் கொடுக்கலாம். டெஸ்க்டொப் ஷோர்ட்கட்டில் ரைட் கிளிக் செய்து ‘ஓப்பன் ஃபைல் லொகேஷன்’ மூலம் உண்மையான கோப்புக்குப் போங்கள். அதன் ‘புரொப்பர்டீஸ்’, ‘கொம்பட்டிபிலிட்டி’ தாவல், ‘சேஞ்ச் ஹை டிபிஐ செட்டிங்ஸ்’. கீழே ‘ஓவர்ரைட் ஹை டிபிஐ ஸ்கேலிங்’ என்ற கட்டத்தில் சரி போட்டு, பட்டியலில் ‘அப்ளிகேஷன்’ தெரிவுசெய்யுங்கள். இனி அந்த மென்பொருளுக்கு முழு 1920×1080 உம் தெரியும். விலை என்னவென்றால் எழுத்துச் சிறுக்கும். சில படிவங்களில் பெட்டிகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறவும் கூடும். பில் அடித்துப் பார்த்த பிறகே கடையில் விடுங்கள்.

மென்பொருள் சேர்வரில் இருந்து, நெட்வேர்க் டிரைவ் வழியாகத் திறக்கப்பட்டால் இந்தத் தாவல் வேலைசெய்ய விடாது. நெட்வேர்க்கில் உள்ள கோப்புக்கு இணக்க அமைப்புப் போடமுடியாது என்று விண்டோஸ் சொல்லும். இயங்கு கோப்பை மட்டும் அந்தந்தக் கணினிக்குப் பிரதி எடுத்து ஓடவிடலாமா என்று மென்பொருள் எழுதியவரைக் கேளுங்கள். கேட்காமல் பிரதி எடுத்தால் டேட்டாபேஸ் பாதை குழம்பும்.

அதே தாவலில் ‘640×480 இல் ஓட்டு’ என்று ஒரு கட்டம் இருக்கிறது. அதைத் தொடவேண்டாம். அது 1990 களின் விளையாட்டுகளுக்கானது. திரை முழுவதையும் 640×480 க்கு இறக்கும். “போதாது” என்று அழும் மென்பொருளுக்கு இன்னும் போதாமல் போகும்.

‘ஓகே’, ‘சேவ்’ பட்டன் திரைக்குக் கீழே போய்விட்டது

மென்பொருள் திறக்கிறது, படிவமும் வருகிறது, சேமிக்கும் பட்டன் மட்டும் இல்லை. 1366×768 திரையில் கணக்குப் பாருங்கள்: விண்டோஸ் 11 இன் கீழ்ப்பட்டைக்கு (டாஸ்க்பார்) 48 புள்ளிகள் போகும், விண்டோஸ் 10 இல் 40. சாளரத்தின் தலைப்புப் பட்டைக்கு ஏறக்குறைய 30. மிஞ்சுவது 690 சொச்சம். 768 உயரத்துக்கென்று வரைந்த படிவம் 768 உயரத் திரையில்கூட நிற்காததற்கு இதுதான் காரணம். படிவம் எழுதியவர் தன் பெரிய மொனிட்டரில் எழுதிப் பார்த்திருப்பார்.

வேலை நடுவில் நிற்கிறது, வாடிக்கையாளர் முன்னால் நிற்கிறார் என்றால் முதலில் இதைச் செய்யுங்கள். ஆல்ட் விசையை அழுத்தியபடி ஸ்பேஸைத் தட்டி, இரண்டையும் விட்டுப் பிறகு எம் எழுத்தை அழுத்துங்கள். சுட்டி நான்கு பக்க அம்பாக மாறும். மேல் அம்பு விசையைத் தட்டத்தட்டச் சாளரம் மேலே ஏறும். தலைப்புப் பட்டை திரைக்கு வெளியே போனாலும் விடாது. கீழே பட்டன் வந்ததும் என்டர் அடியுங்கள். சில மென்பொருள்கள் சாளரத்தை மேலே தாண்டவிடாமல் திருப்பி இழுக்கும். அப்போது டாப் (Tab) விசையால் ஒவ்வொரு பெட்டியாய் நகர்ந்து, கடைசிப் பெட்டிக்கு அடுத்ததாய் என்டர் தட்டலாம். கண்ணால் காணாத பட்டனை அமத்தும் வேலை இது. ‘டிலீட்’ பட்டன் பக்கத்தில் இருக்கும் படிவத்தில் இதைச் செய்யக்கூடாது.

அதைவிடப் பத்திரமான ஒரு வழி உண்டு, ஏனோ பலர் நினைப்பதில்லை: திரையை நிமிர்த்துங்கள். டிஸ்பிளே செட்டிங்ஸில் ‘ஓரியன்டேஷன்’ என்பதை ‘போர்ட்ரெய்ட்’ ஆக்கினால் 1366×768 திரை 768 அகலம், 1366 உயரமாகும். படிவத்தின் உயரம் முழுதும் தெரியும். லப்டொப்பைப் புத்தகம் மாதிரிப் பிடித்து வேலையை முடித்துவிட்டுத் திரும்ப ‘லான்ட்ஸ்கேப்’ போடலாம். முதற்தடவை மட்டும் திறந்து நிரப்ப வேண்டிய அமைப்புப் படிவங்களுக்கு இதைவிட நல்ல வழி இல்லை.

நிரந்தரத் தீர்வுக்கு இந்த ஒழுங்கில் போங்கள். ஸ்கேலிங் 125% இல் இருந்தால் 100% ஆக்குங்கள். 614 இலிருந்து 768 க்கு ஒரேயடியாய் ஏறும். எழுத்து மட்டும் பெரிதாய் வேண்டும் என்பவருக்கு விண்டோஸ் 11 இல் ‘அக்ஸசிபிலிட்டி’, ‘டெக்ஸ்ட் சைஸ்’ என்ற தனி அமைப்பு இருக்கிறது. விண்டோஸ் 10 இல் ‘ஈஸ் ஒஃப் அக்ஸஸ்’ இன் கீழே. அது விண்டோஸின் சொந்த எழுத்தைப் பெருக்கும், மென்பொருளின் வேலையிடத்தைச் சாப்பிடாது. அடுத்து, கீழ்ப்பட்டையைத் தானாக மறையவிடுங்கள். 40 அல்லது 48 புள்ளிகள் கிடைக்கும். படிவம் சற்றுத்தான் வெட்டுப்படுகிறது என்றால் அதுவே காணும். வேர்ட், எக்செல் என்றால் கொன்ட்ரோல் விசையோடு எஃப்1 அழுத்த மேல் ரிபன் சுருங்கும். பிரவுசரில் ஓடும் மென்பொருளுக்கு எஃப்11 முழுத்திரை. அல்லது கொன்ட்ரோலோடு கழித்தல் குறியை அழுத்தி 80% க்கு இறக்குங்கள்.

இவ்வளவும் செய்தும் படிவம் அடங்கவில்லை என்றால் திரை உண்மையிலேயே காணாது. வெளியே ஒரு மொனிட்டர் கொழுவுங்கள். பழைய 17 அங்குலச் சதுர மொனிட்டரை ஒருவரும் மதிப்பதில்லை, ஆனால் அது 1280×1024. உயரம் மட்டும் வேண்டிய பழைய பில்லிங் மென்பொருளுக்கு 768 உயர அகலத் திரையைவிட அது எவ்வளவோ மேல். 18.5 அங்குல அகல மொனிட்டர் பலவும் 1366×768 தான். வாங்கினால் இருந்த இடத்திலேயே நிற்பீர்கள். அங்குலத்தைக் கேட்டு வாங்காமல் உயரத்தின் புள்ளி எண்ணைக் கேட்டு வாங்குங்கள்.

1024×600 நெட்புக்கை 1024×768 ஆகக் காட்டவைக்கும் ரெஜிஸ்ட்ரி வித்தை ஒன்று பழைய இன்டெல் கிராஃபிக்ஸில் வேலைசெய்தது. இன்றைய லப்டொப்பில் அதைத் தேடி நேரத்தைப் போக்கவேண்டாம்.

எழுத்தும் ஐகனும் கண்ணுக்கே எட்டாத அளவு சிறிது

கனடா, லண்டனிலிருந்து சொந்தக்காரர் கொண்டுவந்த உயர்தர லப்டொப்பில், கலியாண அல்பம் செய்யும் பழைய ஃபோட்டோஷொப் சிஎஸ்6 ஐப் போட்டவர்களுக்கு இது தெரியும். 3840×2160 திரையில் விண்டோஸ் எல்லாவற்றையும் பெருக்கிக் காட்டும்; சிஎஸ்6 மட்டும் “நானே பார்த்துக்கொள்கிறேன்” என்று அறிவித்துவிட்டு ஒன்றும் செய்யாது. ரெசொலூஷனை 1920×1080 க்கு இறக்குவதுதான் பலரின் வைத்தியம். அதனால் படத்தின் கூர்மையைப் பார்க்கவென்று வாங்கிய திரை வீணாகும்.

முன்னே சொன்ன ‘ஹை டிபிஐ செட்டிங்ஸ்’ க்கே போங்கள். இம்முறை ‘அப்ளிகேஷன்’ வேண்டாம், ‘சிஸ்டம்’ போடுங்கள். பட்டன்கள் மற்றச் சாளரங்களின் அளவுக்கு வரும். ஆனால் விண்டோஸ் அந்தச் சாளரம் முழுவதையும் இழுத்துப் பெருப்பிப்பதால் படமும் சேர்ந்து மென்மையாகும். முகத்துக்கு ரச்சப் செய்யும்போது 100% பார்வையில் தெரிவது உண்மைக் கூர்மை அல்ல என்பதை மனதில் வையுங்கள். அச்சுக்கு அனுப்புமுன் வேறொரு படம் பார்க்கும் செயலியில் ஒருமுறை திறந்து பாருங்கள்.

எல்லாம் சரியான அளவு, ஆனால் எழுத்து மங்கல்

மங்கல் எங்கே என்பதுதான் கேள்வி. திரை முழுவதும் மங்கலா, ஒரு மென்பொருள் மட்டுமா?

முழுவதும் என்றால் பனலின் சொந்த ரெசொலூஷனில் ஓடவில்லை. 1366×768 பனலில் 1280×720 போட்டால் ஒரு புள்ளிக்கு 1.07 புள்ளி என்று பகிரவேண்டியிருக்கும். எந்த எழுத்தும் கூராய் நிற்காது. சொந்த எண்ணுக்குத் திருப்புங்கள். எழுத்துச் சிறிது என்றால் ஸ்கேலிங்கைக் கூட்டுங்கள், ரெசொலூஷனைக் குறைக்காதீர்கள்.

ஒரு மென்பொருள் மட்டும் என்றால் அது ஸ்கேலிங் அறியாத மென்பொருள். அதே தாவலில் ‘சிஸ்டம் என்ஹான்ஸ்ட்’ போட்டுப் பாருங்கள். விண்டோஸ் 10 இன் 1703 பதிப்பிலிருந்து வந்த வசதி இது. பழைய ஜிடிஐ முறையில் எழுத்து வரையும் மென்பொருள்களில் எழுத்து நன்றாய்க் கூராகும், மற்றவற்றில் பலன் இல்லை. சில மென்பொருள்களில் அட்டவணைக் கோடுகள் விடுபட்டுத் தெரியும்; அப்படியென்றால் திருப்பி எடுத்துவிடுங்கள்.

லப்டொப் 125%, பக்கத்து மொனிட்டர் 100% என்று இரண்டு திரை வைத்திருப்பவருக்கு ஒரு பக்கத்தில் மட்டும் மங்கும். மென்பொருள் எந்தத் திரையில் நாள் முழுக்க ஓடுமோ அதை ‘மேக் திஸ் மை மெயின் டிஸ்பிளே’ ஆக்கி, சைன் அவுட் செய்து வாருங்கள்.

தமிழ் எழுத்தின் காலும் கொம்பும் வெட்டுப்படுகிறது

ஆங்கிலத்துக்கு அளந்த பெட்டியில் தமிழைப் போட்டால் இது வரும். ‘கூ’, ‘மூ’ போன்றவற்றின் கீழ்ப்பகுதி, ‘கி’, ‘தீ’ இன் மேல் வளைவு இரண்டுக்கும் உயரம் வேண்டும். ஆங்கிலத்தின் 8 பொயின்ட் எழுத்துக்கு அளந்த பெட்டியில் அது இல்லை. விண்டோஸின் பழைய தமிழ் எழுத்துருவான லதாவுக்கு வரி உயரம் இன்னும் அதிகம். விண்டோஸ் 8 இலிருந்து நிர்மலா யூஐ இருக்கிறது. மென்பொருளில் எழுத்துரு மாற்றும் வசதி இருந்தால் இரண்டையும் போட்டு ஒப்பிட்டுப் பாருங்கள்.

நம் ஊரில் இன்னொரு சிக்கலும் உண்டு. பாமினி என்ற பழைய எழுத்துருவில் எழுதிய பொருட்பெயர்கள் பல கடைகளின் டேட்டாபேஸில் இன்னும் இருக்கின்றன. புதுக் கணினியில் பாமினி இல்லாவிட்டால் அவை அர்த்தமில்லாத ஆங்கில எழுத்துகளாய் வரும். அது திரைப் பிழை அல்ல. ரெசொலூஷனைப் போட்டு உருட்டவேண்டாம், எழுத்துருவை நிறுவுங்கள். பாமினி வந்த பிறகும் அடி வெட்டுப்பட்டால்தான் ஸ்கேலிங்கைப் பார்க்கவேண்டும். ‘அப்ளிகேஷன்’ விலக்குக் கொடுத்திருந்தால் முதலில் அதை எடுத்துப் பாருங்கள். பெட்டி வளராமல் எழுத்து மட்டும் வளர்ந்ததாலும் வெட்டுப்படும்.

1024×768 க்கு மேல் பட்டியலே வரவில்லை

இரண்டு இடத்தில் பிழை இருக்கலாம்: டிரைவர் (கிராஃபிக்ஸ் சிப்பை இயக்கும் மென்பொருள்) அல்லது கேபிள். ஸ்டார்ட் பட்டனில் ரைட் கிளிக் செய்து ‘டிவைஸ் மனேஜர்’ திறந்து ‘டிஸ்பிளே அடப்டர்ஸ்’ ஐ விரியுங்கள். அங்கே ‘மைக்ரோசொஃப்ட் பேசிக் டிஸ்பிளே அடப்டர்’ என்று இருந்தால் கிராஃபிக்ஸ் டிரைவர் இல்லை. இணையத்தைக் கொடுத்து விண்டோஸ் அப்டேட்டை ஓடவிட்டாலே பெரும்பாலும் இறங்கும். இறங்காவிட்டால் லப்டொப்பின் அடியில் உள்ள முழு மொடல் எண்ணை வைத்து, அதைத் தயாரித்த நிறுவனத்தின் தளத்திலிருந்து எடுங்கள். ‘எல்லா டிரைவரும் ஒரே பொதியில்’ என்று பென்டிரைவில் சுற்றும் பொதிகளை நம்பவேண்டாம். கூடவே வேண்டாததும் ஏறும். இன்டெல் இரண்டாம் தலைமுறைக் கணினியில் தடையைச் சுற்றி விண்டோஸ் 11 போட்டிருந்தால், அந்தச் சிப்புக்கு விண்டோஸ் 11 கேட்கும் டிரைவர் தரம் கிடையாது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள்.

அடப்டரின் பெயர் சரியாய் இருந்தால், அதே பட்டியலில் ‘மொனிட்டர்ஸ்’ ஐப் பாருங்கள். ‘ஜெனரிக் நொன்-பிஎன்பி மொனிட்டர்’ என்றிருந்தால் மொனிட்டர் தன் விவரத்தைக் கணினிக்குச் சொல்லவில்லை. வீஜிஏ கேபிளில் 12 ஆம், 15 ஆம் ஊசிகள் வழியாகத்தான் அந்த விவரம் போகும். மலிவுக் கேபிள்களில் அந்தக் கம்பிகளே இருப்பதில்லை. பழைய கேபிள்களில் ஊசி மடிந்திருக்கும், கடலோரப் பக்கத்துக் கடைகளில் உப்புக்காற்றுப் பட்டுப் பச்சை பிடித்திருக்கும். கழற்றி வெளிச்சத்தில் பாருங்கள். மூன்று வரிசை, வரிசைக்கு ஐந்து. நடு வரிசையில் 9 ஆம் ஊசி இல்லாமல் வரும் கேபிள்கள் உண்டு, அது பழுது இல்லை. 12 அல்லது 15 இல்லையென்றால் கேபிளை மாற்றுங்கள். நடுவில் ஒரு ஸ்பிளிட்டரோ, இரண்டு கணினிக்கு ஒரு மொனிட்டர் என்று போட்ட மாற்றுச் சுவிட்சோ இருந்தால் அதைக் கழற்றி நேரே மாட்டிப் பாருங்கள்; அவையும் இதே விவரத்தை மறிக்கும்.

1440×900 மொனிட்டரில் ஆட்கள் எல்லாம் குண்டாய்த் தெரிகிறார்கள் என்றாலும் இதே இடத்தில்தான் தேடவேண்டும். விவரம் வராததால் சதுர ரெசொலூஷன் போட்டு, மொனிட்டர் அதை அகலமாய் இழுத்திருக்கிறது.

“அவுட் ஒஃப் ரேஞ்ச்” என்று எழுதிவிட்டுத் திரை கறுக்கிறது

மொனிட்டர் தாங்காத ரெசொலூஷனோ, புதுப்பிப்பு வேகமோ (விநாடிக்கு எத்தனை தரம் படம் புதுப்பிக்கப்படும் என்ற ஹேர்ட்ஸ் எண்) போட்டிருக்கிறீர்கள். இப்போதுதான் மாற்றியது என்றால் ஒன்றையும் தொடாமல் இருங்கள். 15 விநாடியில் விண்டோஸ் தானே பழையதுக்குத் திரும்பும். அந்த நேரத்தில் பதறி விசைகளைத் தட்டினால் மாற்றம் நிலைத்துவிடக்கூடும்.

நிலைத்துவிட்டால் வேறொரு மொனிட்டர் அல்லது ரிவியை மாட்டி மாற்றுவதே சுலபம். அதுவும் இல்லையென்றால், விண்டோஸ் ஏறும்போது பவர் பட்டனை அமத்திப் பிடித்து அணையுங்கள். இரண்டு மூன்று தரம் இப்படிச் செய்தால் பழுதுபார்க்கும் நீலத்திரை வரும். அதில் ‘டிரபிள்ஷூட்’, ‘அட்வான்ஸ்ட் ஒப்ஷன்ஸ்’, ‘ஸ்டார்ட்அப் செட்டிங்ஸ்’, ‘ரீஸ்டார்ட்’. வரும் பட்டியலில் 3 ஐ அழுத்தினால் தாழ்ந்த ரெசொலூஷனில் ஏறும். டிஸ்க்கைப் பூட்டும் பிட்லொக்கர் போட்ட லப்டொப் என்றால் இடையில் 48 இலக்க மீட்புத் திறப்பைக் கேட்கும், அதைக் கையில் வைத்துக்கொண்டு இறங்குங்கள். உள்ளே போனதும் ‘அட்வான்ஸ்ட் டிஸ்பிளே’ இல் 60 ஹேர்ட்ஸ் போடுங்கள். பழைய மொனிட்டர்கள் தாழ்ந்த ரெசொலூஷனில் 75 ஐத் தாங்கினாலும் தம் சொந்த எண்ணில் தாங்காமல் போகும்.

ரிவியில் மாட்டினால் ஓரம் நான்கும் வெட்டுப்படுகிறது

ஸ்டார்ட் பட்டன் பாதி, மூடும் பெருக்கல் குறி பாதி. கணினியில் பிழை இல்லை; ரிவி பழைய ஒளிபரப்புப் பழக்கத்தில் படத்தைச் சற்றுப் பெருப்பித்து ஓரத்தை வெட்டுகிறது. ரிவியின் ரிமோட்டில் பட அளவு மெனுவுக்குப் போங்கள். சாம்சங்கில் ‘ஸ்கிரீன் ஃபிட்’ அல்லது ‘ஃபிட் டு ஸ்கிரீன்’, எல்ஜியில் ‘ஜஸ்ட் ஸ்கான்’, சோனியில் ‘ஃபுல் பிக்சல்’. மற்றவற்றில் ‘டொட் பை டொட்’ அல்லது ‘1:1’ என்று தேடுங்கள். ரெசொலூஷனைக் குறைத்து இதைச் சரிசெய்யமுடியாது.

சிவப்பு எழுத்துகள் மட்டும் கரைந்து தெரிந்தால், ரிவி மெனுவில் அந்த எச்டிஎம்ஐ வாயிலின் பெயரைப் ‘பிசி’ என்று மாற்றுங்கள். நிறத்தைச் சுருக்காமல் முழுதாய் எடுக்கும். 32 அங்குல ரிவிகள் பலவற்றின் பனல் 1366×768 தான். 1920×1080 ஐ ஏற்றுக்கொண்டு உள்ளே சுருக்கிக் காட்டும். படத்துக்குப் பரவாயில்லை, எக்செல்லுக்கு ஏலாது.

புரொஜெக்டரிலும் நீளக் கேபிளிலும்

விண்டோஸ் விசையோடு பி அழுத்தி ‘டுப்ளிகேட்’ போட்டால் இரண்டு திரைக்கும் பொதுவான ரெசொலூஷனை விண்டோஸ் தேடும். 1024×768 புரொஜெக்டரோடு லப்டொப் திரையும் அதற்கே இறங்கும். மென்பொருள் 768 ஐவிடக் கூடிய உயரம் கேட்டால் இங்கேயும் வெட்டுப்படும். ‘எக்ஸ்டென்ட்’ போட்டு, காட்ட வேண்டியதை மட்டும் அந்தப் பக்கம் தள்ளுங்கள். அழைப்பிதழ்ப் பெட்டி அளவில் வரும் மலிவு எல்இடி புரொஜெக்டர்களின் பெட்டியில் ‘1080 சப்போர்ட்டட்’ என்று இருக்கும். அது உள்வாங்கும் எண். ‘நேட்டிவ்’ என்ற வரியைத் தேடுங்கள். பலவற்றில் 800×480 தான். அதில் மாணவருக்கு எக்செல் காட்ட முயலவேண்டாம்.

மண்டபத்தில் 15 மீற்றருக்கு மேல் சாதாரண எச்டிஎம்ஐ கேபிள் இழுத்து, 1280×720 வருகிறது, 1920×1080 போட்டால் மின்னுகிறது அல்லது வரவே இல்லை என்றால் பழி கேபிளின்மேல். 60 ஹேர்ட்ஸ் 720 வரிப் படத்தின் சிக்னல் 74.25 மெகாஹேர்ட்ஸ் வேகத்தில் ஓடும்; 1080 அதற்குச் சரியாய் இரண்டு மடங்கு, 148.5. நிகழ்ச்சி நேரத்தில் 720 இலேயே விட்டுவிடுங்கள். பிறகு, சிப் பொருத்திய அக்டிவ் கேபிள் வாங்குங்கள். அதில் ‘சோர்ஸ்’ என்று குறித்த முனை கணினிப் பக்கம் வரவேண்டும், மாறி மாட்டினால் படமே வராது. எச்டிஎம்ஐயை வீஜிஏ ஆக்கும் சிறு மாற்றியும் சிப் உள்ளதாய் இருக்கவேண்டும். யூஎஸ்பி-சி வாயில் இருப்பதாலேயே படம் வரும் என்றில்லை. டிஸ்பிளேபோர்ட் குறி அல்லது தண்டர்போல்ட் மின்னல் குறி பக்கத்தில் உண்டா என்று பாருங்கள், குறி இல்லையென்றால் மொடல் விவரத்தில் தேடுங்கள்.

புரொஜெக்டரைக் கழற்றிய பிறகு மென்பொருள் ‘திறக்கிறது, ஆனால் காணவில்லை’ என்றால் சாளரம் இல்லாத திரையில் நிற்கிறது. கீழ்ப்பட்டையில் அதன் ஐகனை ஒருமுறை தட்டி, ஆல்ட் + ஸ்பேஸ், எம், ஏதாவது ஓர் அம்பு விசை. பிறகு சுட்டியை அசைத்தால் அதோடு ஒட்டிக்கொண்டு வரும்.

உள்ளூரில் எழுதிய மென்பொருள் என்றால்

கஸ்தூரியார் வீதி நகைக்கடையிலிருந்து சுன்னாகத்து மருந்துக்கடை வரை ஓடுபவற்றில் பல, இங்கேயே ஒருவர் எழுதிக் கொடுத்தவை. அப்படியென்றால் விண்டோஸை வளைப்பதைவிட அவரைத் திருத்தச் சொல்வது மலிவு. “திரை சரியில்லை” என்று தொலைபேசியில் சொன்னால் அவருக்கு ஒன்றும் விளங்காது. ரெசொலூஷன், ஸ்கேலிங், விண்டோஸ் பதிப்பு, எந்தப் படிவம் என்ற நான்கையும் எழுதி, திரை முழுவதும் தெரியும் படமொன்றை வட்ஸ்அப்பில் அனுப்புங்கள்.

புதிதாய் எழுதுவிப்பதென்றால் ஒப்பந்தத்திலேயே ஒரு வரி போடுங்கள்: எல்லாப் படிவமும் 1366×768 திரையில், 125% ஸ்கேலிங்கில், கீழ்ப்பட்டை மறையாமல், சேமிக்கும் பட்டன் தெரியத் திறக்கவேண்டும். வேலையிடம் 614, அதில் கீழ்ப்பட்டையும் தலைப்பும் போக 530 சொச்சம். அந்த உயரத்துக்குள் அடங்காத படிவத்துக்கு உருள்பட்டை வைக்கவேண்டும், அல்லது பட்டன்களை மேலே கொண்டுபோகவேண்டும். காசு கொடுத்து முடிக்குமுன் உங்கள் கடையில் இருப்பதிலேயே பழைய லப்டொப்பை அவர் முன்னால் வைத்து, படிவங்களை ஒவ்வொன்றாய்த் திறந்து காட்டச் சொல்லுங்கள்.